படகில் கால் கொடுப்பவள்

குதிரை நடக்கிற சத்தத்தை வைத்தே அது எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதற்குப் படிப்பு வேண்டாம். விழித்த பிறகும் எழுந்திருக்க மனசில்லாமல் பாயில் கிடக்கிற சோம்பல் இருந்தால் போதும். அது என்னிடம் நிறைய உண்டு. இந்தத் தீவில், பாம்பூஃப்ளாட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தென்னைகளுக்கு நடுவில் அவள் நடப்பதைக் கண்ணை மூடிக்கொண்டே கேட்பேன். கடலிலிருந்து வரும் ஈரக்காற்றில் அந்தச் சத்தம் பஞ்சில் சுற்றிக் கொடுத்தது போல வரும். டொக், டொக், டொக், பிறகு ஒரு இழுவை. நாலாவது கால் மட்டும் தரையைத் தொடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கும்.

அந்த இழுவையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவள் வெள்ளைக் குதிரை. வெள்ளை என்றால் கல்யாணப் பத்திரிகையில் போடுகிற வெள்ளை. நேரில் பார்த்தால் பழைய வேட்டி நிறம். மரைன் ஹில்லில் இருந்த ஒரு கான்ட்ராக்டர் அவளைச் சென்னையிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார். இங்கே ஹிந்திக்காரர் வீட்டு மாப்பிள்ளை குதிரையில் வருவார். அதைப் பார்த்துப் பார்த்து நம் தமிழ் ஆட்களுக்கும் ஆசை வந்துவிட்டது. சைக்கிளில் கூட நேராக உட்காராத மாப்பிள்ளைகள் எல்லாம் அவள் முதுகில் ஏறினார்கள். பேண்டு வாத்தியம், பட்டாசு, தலைக்கு மேல் விளக்கு, வயிற்றுக்குக் கீழே ஆடுகிற மச்சான்மார். எத்தனையோ வருஷம் அதுதான் அவள் வேலை. ஒரு நாள் கான்ட்ராக்டர் மூட்டை கட்டிக்கொண்டு மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். கட்டிலை விற்றார், பிரிட்ஜை விற்றார், குதிரையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் கேட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்து அப்போதுதான் ரிட்டையர் ஆகியிருந்தார். மற்றவர்கள் ரிட்டையர் ஆனால் கோழி வளர்ப்பார்கள். இவர் குதிரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"எங்க கட்டப் போறீங்க?" என்றேன்.

"பின்னால எடம் இருக்குல்ல."

"பின்னால என் துணி காயுது."

"துணி பாட்டுக்குக் காயட்டும். இது பாட்டுக்கு நிக்கட்டும்."

"ஒரு வேலையும் பாக்காமயா? சரி, உங்களுக்குத் தொணை ஆச்சு."

அப்படி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்குக் கல்யாணங்கள் நின்றன. ரோட்டில் நடப்பதும் நின்றது. எங்கள் மண் குழைந்த சோறு மாதிரி, வருஷத்தில் முக்கால்வாசி ஈரம். குளம்பு தேய்வதற்குக் கல் வேண்டும், ரோடு வேண்டும். இங்கே அது தேயாமல் வளர்ந்துகொண்டே போனது. அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி அவள் நடக்க ஆரம்பித்தாள். வலது பின்னங்கால்தான் மோசம். அந்தக் குளம்பின் முனை முன்னால் நீண்டு, ஓரம் பிளந்து, அடியில் மெத்தென்று இருக்கிற இடத்தில் ஈரம் புகுந்து ஒரு நாற்றம். மீன் மார்க்கெட் பக்கத்தில் பிறந்தவள் நான், எனக்கே மூக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது.

துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தாள். மெயின்லேண்டிலிருந்து வந்த சின்னப் பெண். ஆடு, மாடு, கோழி, நாய் என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எங்கள் குதிரையைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ஒரே சந்தோஷம். படிக்கும்போது குளம்பு வெட்ட முறையாகக் கற்றுக்கொண்டாளாம், இங்கே வந்து குதிரையையே பார்க்கவில்லையாம். ஒரு நீளமான அரம், ஒரு குறடு, நுனி வளைந்த ஒரு கத்தி, எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போட் ஏறி வந்தாள்.

அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரர் காலையிலேயே குதிரையைக் குளிப்பாட்டினார். கழுத்தில் வெண்கல மணி கட்டினார். கான்ட்ராக்டர் கொடுத்துவிட்டுப் போன சிவப்பு வெல்வெட் துணி, கண்ணாடி வைத்துத் தைத்தது, அதை முதுகில் போட்டார். நெற்றியில் குங்குமம். தலையில் இறகுக் கொண்டை ஒன்று மட்டும் பூச்சி அரித்திருந்ததால் விட்டுவிட்டார்.

"டாக்டர் வராங்கல்ல. பாக்க லட்சணமா இருக்க வேணாமா?"

டாக்டரம்மா குனிந்து காலைத் தொட்டதும் அவள் காலை உதறினாள். மணி கணகணவென்று அடித்தது. அந்தச் சத்தத்தில் இன்னும் மிரண்டாள். டாக்டரம்மா தென்னை மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "ஆன்ட்டி, இன்னொரு நாள் வரேன்" என்றாள்.

அடுத்த தடவை அவர் இன்னொரு மணியையும் சேர்த்துக் கட்டினார். மனசு குளிர்ந்தால் கால் கொடுப்பாள் என்று அவருக்கு நம்பிக்கை. அன்று அரம் காலுக்கு வருவதற்கு முன்பே கயிறு அறுந்தது.

"மணியக் கழட்டுங்க" என்றேன்.

"அவளுக்குப் பிடிக்கும்."

"உங்களுக்குப் பிடிக்கும். மணியும் வெல்வெட்டும் போட்டா மாப்ள ஏறப் போறான்னு நெனைக்கிறா. நீங்க காலங்காத்தால பட்டு வேட்டி கட்டினா நான் யாரு வீட்டுக் கல்யாணம்னு கேக்க மாட்டேனா?"

கழற்றினார். ஆனால் அதற்குள் காலங்கடந்துவிட்டது. மணி இல்லாவிட்டாலும் எங்கள் முற்றத்தில் யாராவது அவள் காலுக்கு நேராகக் குனிந்தாலே காதைப் பின்னால் மடிப்பாள். வெல்லம் கொடுத்தோம். வெல்லத்தைத் தின்றுவிட்டு உதைத்தாள். டாக்டரம்மா ஒரு தடவை மயக்க ஊசி கொஞ்சமாகப் போட்டுப் பார்த்தாள். குதிரை முன்னங்கால் மடிந்து, பொதுக்கென்று சாய்ந்துவிட்டாள். டாக்டரம்மா அரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். வெயில் தென்னைக்குக் கீழே இறங்கிப் போகும்வரை எழுந்திருக்கவில்லை, குதிரையும், டாக்டரம்மாவும்.

"வயசாயிடுச்சு ஆன்ட்டி. இருதயம் சரியில்ல. இனிமே ஊசி வேணாம்."

"அப்ப வெட்டாட்டி?"

"மழை ஆரம்பிச்சா அந்தப் பின்னங்கால் அழுகிடும். அப்புறம் நிக்க மாட்டா. நிக்காத குதிரை ரொம்ப நாள் இருக்காது."

என் வீட்டுக்காரருக்கு மெயின்லேண்டில் ஒருத்தரைத் தெரியும், குதிரைகள் வைத்திருப்பவர். அங்கே லாடம் கட்டுகிறவர்கள், குளம்பு வெட்டுகிறவர்கள் எல்லாம் உண்டு. கப்பலில் அனுப்பினால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

"மழைக்குள்ள முடியலைன்னா அனுப்பிருவோம்" என்றார் இவர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இந்தக் காலோட கப்பல்ல நிப்பாளா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். அவள் பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடினாள்.

"எனக்கென்ன, துணி காயப் போட எடம் கெடைக்கும்" என்றேன். அன்றைக்குத் துணியே துவைக்கவில்லை.

கடைசியாக ஒரு வழி இருந்தது. ஆஸ்பத்திரியில் மாட்டை நிறுத்தி வைத்தியம் பார்க்க இரும்புக் குழாயில் ஒரு கூண்டு உண்டு. அதற்குள் நிறுத்தினால் திமிற முடியாது, பார்க்கலாம் என்றாள் டாக்டரம்மா. ஆகவே ஒரு காலையில் நானும் அவரும் அவளை மெதுவாக நடத்திக்கொண்டு ஜெட்டிக்குப் போனோம். அக்கரையில் இருக்கிற சாத்தமுக்கு வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகிற போட் நின்றிருந்தது. பைக், ஆட்டோ, ஒரு காய்கறி வண்டி, அப்புறம் நாங்கள்.

இரும்புப் பலகையில் கால் வைக்க மாட்டாள் என்று நினைத்தேன். அவளோ தாய் வீட்டுக்குப் போகிறவள் மாதிரி ஏறினாள். ஏறியதும் ஓரமாகப் போய் நின்றாள்.

போட் கிளம்பியது. அன்றைக்குத் தண்ணீர் அசைவே இல்லாமல், பச்சையாக, தூக்கத்தில் இருப்பது போல இருந்தது. எங்களுக்குப் பின்னால் மலை பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. இன்ஜினின் அதிர்வு இரும்புத் தளம் வழியாக உள்ளங்காலில் ஏறி, முழங்காலுக்கு வந்து, வயிற்றில் ஒரு பூனை படுத்துக் குறுகுறுப்பது போல இருந்தது. அந்தப் போட்டில் காலையில் யாரும் பேசமாட்டார்கள். ஆபீசுக்குப் போகிறவர்கள் பாதித் தூக்கத்தை வீட்டில் தூங்கிவிட்டு மீதியை இங்கே கொண்டுவருவார்கள்.

அவளைப் பார்த்தேன். கண் பாதி மூடியிருந்தது. கீழ் உதடு தொங்கிவிட்டது. இடுப்பு ஒரு பக்கமாகத் தளர்ந்து, அந்த வலது பின்னங்கால், அந்தக் கெட்ட கால், நுனியில் லேசாக ஊன்றி ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் முற்றத்தில் ஒரு நாளும் அவள் இப்படி நின்று நான் பார்த்ததில்லை.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால் ஒன்றும் நினைக்கவில்லை. எனக்கும் தூக்கம். தூக்கத்தில் பக்கத்திலிருப்பவர் தோளில் கை போடுவது போலத்தான் அவள் தொடையில் கை வைத்தேன். கை கீழே போனது. முழங்காலுக்குக் கீழே, கணுக்காலுக்கு. அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். காலைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

கனமான கால். ஈரமான, நாற்றமடித்த, சூடான கால். சேலை மடிப்பில் அதை வைத்துக்கொண்டு நின்றேன். கடல் போய்க்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெல்லக் கீழே வைத்தேன்.

"இங்க பாருங்க" என்றேன். என் வீட்டுக்காரர் முன்பக்கத்தில் போட்டின் சாரங்கோடு பழைய துறைமுகக் கதை பேசிக்கொண்டிருந்தார். சாரங்கு என்றால் போட்டை ஓட்டுகிறவர், வங்காளி, இவருக்குப் பல வருஷப் பழக்கம். இவர் திரும்பிப் பார்ப்பதற்குள் சாத்தம் வந்துவிட்டது.

"கால் குடுத்தா" என்றேன்.

"யாரு?"

"சாரங்கு பொண்டாட்டி. யாருன்னா கேக்குறீங்க?"

"கனா கண்டிருப்ப" என்றார். அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. வீட்டில் நான் கண்ட கனவுகளை எல்லாம் நடந்ததாகச் சொல்லி அவரை அலைக்கழித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கூண்டைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே போனாள், குழாய் சாத்துகிற சத்தம் கேட்டாள், பின்னங்காலால் ஒரு உதை விட்டாள். குழாய் வளைந்தது. கணுக்காலில் ரத்தம் வந்தது. டாக்டரம்மா கூண்டைத் திறந்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். வானத்தில் மேகம் சேர்ந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் போனை எடுத்து அந்த மெயின்லேண்டுக்காரர் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

"போட்ல வெட்டலாம்" என்றேன்.

டாக்டரம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். குதிரையைப் பார்த்த பிறகு என்னையும் பரிசோதிக்க வேண்டுமோ என்று யோசிக்கிற பார்வை.

"ஆன்ட்டி, ஓடுற போட்ல கத்தியா?"

"நீ வெட்ட வேணாம். கூட வா. வந்து பாரு. திரும்பிப் போறதுக்கு எங்களுக்கு அந்தப் போட்ட விட்டா வேற வழி இல்ல."

வந்தாள். பாவம், சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸோடு வந்தாள். போட் நடுத் தண்ணீருக்கு வந்ததும் குதிரையின் உதடு தொங்கியது. இடுப்பு தளர்ந்தது. நான் காலைத் தொட்டேன். தூக்கிக் கொடுத்தாள். டாக்டரம்மா டிபன் பாக்ஸை ஒரு ஆட்டோவின் மேல் வைத்துவிட்டு, மூச்சு விடாமல் வந்து, என் கையிலிருந்து அந்தக் காலை வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் போனைப் பைக்குள் போட்டார்.

மேலேயிருந்து சாரங்கு எட்டிப் பார்த்தார். "அரே, கோடா தோ ஸோ ரஹா ஹை" என்றார். குதிரை தூங்குகிறதே என்கிறார்.

"ஆமா, உங்க போட்டு ஓடுற வேகத்துக்கு யாரா இருந்தாலும் தூங்கத்தான் செய்வாங்க" என்று நான் தமிழில் சொன்னேன். இவர் அதை ஹிந்தியில் வேறு ஏதோ மரியாதையாக மாற்றிச் சொன்னார்.

ஏன் போட்டில் மட்டும் கொடுக்கிறாள் என்று டாக்டரம்மா கேட்டாள். இன்ஜின் அதிர்வு காரணமாக இருக்கலாம் என்று அவளே சொன்னாள். இருக்கலாம். எனக்குத் தோன்றியது வேறு. எங்களிடம் வருவதற்கு முன்னால் அவள் வாழ்க்கையில் முதுகில் யாரும் ஏறாத இடம் ஒன்றுதான், கப்பல். சென்னையிலிருந்து வரும்போது அந்த நாட்கள் முழுக்க அவளுக்கு வேலை இல்லை. மணி இல்லை, மாப்பிள்ளை இல்லை. சும்மா நிற்கலாம். கீழே ஏதோ உறுமிக்கொண்டு அவளைச் சுமந்துபோனது. சுமக்கிறவளை ஒருவர் சுமந்தால் தூக்கம் வராமல் என்ன செய்யும்? நானும் கல்யாணமாகிக் கப்பலில்தான் வந்தேன். மாமியார் இங்கே, அம்மா அங்கே, நடுவில் தண்ணீர். சோறு வடிக்கச் சொல்ல ஆளில்லை. அவ்வளவு தூக்கம் நான் அப்புறம் தூங்கவே இல்லை.

கூட்டம் குறைவான ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொண்டோம். டாக்டரம்மா ஒரு ஏற்பாடு சொன்னாள். போட் கரையில் நிற்கும்போதும் இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அப்போது கத்தியும் குறடும். போட் ஓடும்போது அரம் மட்டும். சாரங்கு ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு விஷயத்தில் அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். கரையை விட்டுக் கிளம்பும்போது ஹாரன் அடித்தே ஆக வேண்டும்.

"அந்த நேரத்துல காலக் கீழ விட்டுடுங்க" என்று இவரிடம் சொல்லியனுப்பினார்.

முன்னங்கால் இரண்டும் போகவரப் போகவர நடந்தது. வண்டிகள் ஏறின, இறங்கின, நாங்கள் இறங்கவில்லை. அரம் உரசுகிற சத்தம் தேங்காய் துருவுகிற சத்தம் மாதிரி. துருவல் மாதிரியே வெள்ளையாக டாக்டரம்மாவின் செருப்பைச் சுற்றி விழுந்தது. ஹாரன் அடிக்கிற நேரம் பார்த்து ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா காலைக் கீழே விட்டாள். பைக்கில் வந்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். மீன் கூடையோடு வந்த ஒரு பெண் குதிரையின் தலைக்குப் பக்கத்தில் நின்று, தானும் கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர், மலை, மரமில்லின் தகரக்கூரை, மறுபடி தண்ணீர். போனோமா வந்தோமா என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு சமயம் பாம்பூஃப்ளாட் கரையைப் பார்த்து, இது எந்த ஊர் என்று நினைத்தேன்.

இடது பின்னங்காலும் முடிந்தது. கடைசியாக அந்தக் கால்.

பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் போட் நிற்க, டாக்டரம்மா அதைத் தூக்கித் தொடை மேல் வைத்தாள். குறடு நீண்ட முனையைக் கடித்தது. டக்கென்று ஒரு துண்டு விழுந்தது. கத்தியால் அழுகிய இடத்தை மெல்லிய தோலாகச் சீவிச் சீவி எடுத்தாள். நாற்றம் எழுந்தது. மீன்காரப் பெண் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "நான் இல்ல" என்றேன். டாக்டரம்மா எதையும் கேட்கவில்லை. கறுப்பு போய் அடியில் சுத்தமான வெள்ளை தெரிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும் எங்களைப் போலவே அந்த அதிர்வுக்குள் போய்விட்டாள். வண்டிகள் ஏறி முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஹாரன் அடித்தது.

நான் கண்ணை இறுக்கிக்கொண்டேன். உதை விழும், அந்தப் பெண்ணின் மண்டையில் விழும், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. திறந்து பார்த்தால் டாக்டரம்மா பயத்தில் கத்தியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். குதிரை ஒரு காதை மட்டும் ஹாரன் பக்கம் திருப்பி, மறுபடி தொங்கவிட்டாள். தூக்கிய காலை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை. அந்தரத்தில் வைத்துக்கொண்டு, யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்று காத்திருந்தாள்.

என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். அதுவரை அவர் அவள் காலைத் தொட்டதே இல்லை. இரண்டு கையாலும் ஏந்தி, அசையாமல் நின்றார்.

"நல்லாப் பிடிங்க" என்றேன். "என் கால ஒரு நாளாவது இப்படிப் பிடிச்சீங்களா?"

"நீ உதைப்ப" என்றார்.

டாக்டரம்மா எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள். மீதியைத் தண்ணீர் நடுவில் அரத்தால் முடித்தாள். அடியில் மருந்து தடவி, கட்டிவிட்டாள். சாத்தமில் நாங்கள் இறங்க வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் இறக்கிப் பார்க்க வேண்டும் என்றாள். இரும்புப் பலகையில் குதிரை இறங்கினாள். நான் தலையைச் சாய்த்துக் கேட்டேன். டொக், டொக், டொக். நாலாவது கட்டுப்போட்ட கால், அதனால் டொப் என்று விழுந்தது. விழுந்தது, இழுக்கவில்லை.

கரையிலேயே நின்று என் வீட்டுக்காரர் போன் போட்டார். "வேணாங்க. கப்பல் பாக்க வேணாம். இல்ல, நல்லாத்தான் இருக்கா." அப்புறம் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எதுக்குச் சிரிக்கிற?"

"சிரிக்கல. பல்லுக்குக் காத்து வாங்குறேன்."

அந்த மழை தப்பியது. அதற்கடுத்த மழையும். இப்போதும் குளம்பு வளர்ந்ததும் டாக்டரம்மாவுக்குச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போட் ஏறுகிறோம். சாரங்கு ஹாரன் அடிப்பதற்கு முன்னால் டாக்டரம்மாவுக்கு மட்டும் குரல் கொடுக்கிறார். குதிரைக்குச் சொல்ல வேண்டியதில்லை. போட் அசைந்ததும் நான் அவள் தோளில் நெற்றியை வைத்துக்கொள்வேன். இரும்பு குறுகுறுக்கும். தண்ணீர் எங்கள் இரண்டு பேரையும் எங்கேயோ கொண்டுபோகும், மறுபடி அதே ஜெட்டியில் கொண்டுவந்து விடும். யாரோ குறட்டை விடுகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். அவள்தான் என்று நான் சொல்லிவைத்திருக்கிறேன்.